‘ஆம்’ என்றால் டொக்

மேடம் மூக்குக்கண்ணாடி வைத்திருந்த கூடு தகரத்தில் செய்தது. அதை மேசையில் ஒரு தட்டுத் தட்டினால் ‘டொக்’ என்று கேட்கும். வந்தாராம், போனாராம், கட்டினாராம் என்று நம் பேச்சின் பின்னால் ஒரு வால் முளைக்கிறது அல்லவா, அந்த ‘ஆம்’ யார் வாயிலிருந்து விழுந்தாலும் டொக். எதிரில் இருப்பவர் முனைவரா, நாவலாசிரியரா, ஓய்வுபெற்ற தாசில்தாரா என்றெல்லாம் பார்க்க மாட்டார். டொக். பிறகு இரண்டே சொல்: “யாரு பாத்தா?”

எங்கள் பாட்காஸ்டைக் கேட்டவர்கள் மேடத்தின் பெயரை மறந்திருப்பார்கள், அந்த டொக்கை மறந்திருக்க மாட்டார்கள். நானும் பெயரைச் சொல்லப் போவதில்லை. இறந்துபோனவர் என்ற மரியாதையால் இல்லை. பெயரோடு எழுதினால் எந்த வரிக்கு எங்கிருந்து தட்டுவாரோ என்ற பயம்தான்.

பாட்காஸ்ட் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். நான் காரைக்குடியில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிறவன். ஊரே போனில் பத்திரிகை அனுப்ப ஆரம்பித்து, நான் கடையில் உட்கார்ந்து ஈயோடு பேசிக்கொண்டிருந்த காலத்தில், என் மனைவியின் தம்பி, நான் மாப்பிள்ளை என்று கூப்பிடுகிறவன், ஒரு யோசனை சொன்னான். “மச்சான், நீங்க சும்மாவே நாள் பூரா பேசுறீக. அதைப் பதிவு பண்ணிப் போட்டா என்ன?” கடைக்கு மேலே காகிதக் கட்டு வைக்கும் அறையில் பழைய மெத்தைகளைச் சுவரோடு சாத்தினோம். வரலாறு படித்தவர்களையும் எழுத்தாளர்களையும் வியாழக்கிழமைதோறும் கூப்பிட்டு, நம் சுற்றுவட்டாரத்தில் நடந்ததைப் பேசவைப்பது என்று ஏற்பாடு. ‘நேத்து நடந்தது’ என்று பெயர் வைத்தோம். மாப்பிள்ளை ஒலிப்பதிவு, நான் வாய்.

இந்த வாய்க்கு ஒரு வியாதி உண்டு. பயம் வந்தால் கேலி பேசும். பயம் முற்றினால் பத்திரிகை வாசகம் பேசும். முதல் பதிவில் மைக்கைப் பார்த்ததும் வணக்கத்துக்குப் பதிலாக, “நிகழும் மங்களகரமான” என்று ஆரம்பித்துவிட்டேன். மாப்பிள்ளை நிறுத்திவிட்டு, “மச்சான், யாருக்குக் கல்யாணம்?” என்று கேட்டான்.

மேடம் பெண்கள் கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வுபெற்றவர். தனி ஆள். அமராவதிபுதூரில் வீடு. நிகழ்ச்சிக்கு வாராவாரம் வந்து உட்காரக் கூப்பிடப் போயிருந்தபோது, மரியாதைக்காக அவர் பிறந்த ஊரைக் கேட்டேன்.

“பிறப்புச் சான்றிதழ்ல தேவகோட்டைன்னு இருக்கு.”

“அப்ப தேவகோட்டைதான மேடம்?”

“நான் பொறந்தப்ப நான் கவனிக்கலங்க. சான்றிதழ்ல அப்படி இருக்கு.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அது நகைச்சுவை இல்லை என்று எனக்குத் தெரிய ஆறு மாதம் ஆயிற்று.

என் அப்பா இறந்தபோது துக்கம் கேட்க வந்தார். மாலையை வைத்துவிட்டு எங்குட்டோ பார்த்தபடி நின்றவரிடம், சும்மா நிற்கிறாரே என்று, “காலையில நாலு மணிக்கு உயிர் போயிருச்சாம் மேடம்” என்றேன். கண்ணாடிக் கூட்டைக் கொண்டுவரவில்லை. அதனால் விரல் கணுவால் அப்பா படுத்திருந்த பெஞ்சில் ஒரு தட்டு. “யாரு பாத்தா?”

“யாரும் பாக்கல. எல்லாரும் தூங்கிட்டோம்.”

“அப்ப கருமாதிப் பத்திரிகையில நாலு மணின்னு போடாதீக. விடியறதுக்குள்ளன்னு போடுங்க.”

சொன்னால் நம்புவீர்களோ என்னவோ, அதற்குள் அடித்து வைத்திருந்த முந்நூறு பத்திரிகையைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி அடித்தேன். சொந்தக் கடை, சொந்த அப்பா, சொந்தப் பயம்.

நிகழ்ச்சிக்கு வருகிறவர்களை அவர் உரிப்பதைக் கேட்கத்தான் பாதிப் பேர் கேட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தே ஆளைக் கூப்பிட்டேன். ஒரு நாவலாசிரியர் வந்தார். பர்மாவைப் பற்றித் தலையணை கனத்தில் எழுதியவர். தன் தாத்தா ரங்கூனிலிருந்து காடு மலை தாண்டி நடந்தே வந்தாராம் என்று கண் கலங்கச் சொன்னார்.

டொக். “யாரு பாத்தா?”

“எங்க அப்பா சொல்லியிருக்காரும்மா.”

“அப்பாவும் கூட நடந்தாரா?”

“அவரு அப்பப் பொறக்கல.”

மேடம் பையிலிருந்து ஒரு ஜெராக்ஸ் தாளை எடுத்து அவர் பக்கம் தள்ளினார். கப்பல் பயணிகள் பட்டியல். தாத்தா பெயர், ஊர், தகப்பனார் பெயர், எல்லாம் சரியாக இருந்தது. இரண்டாம் வகுப்பு. “உங்க தாத்தா கப்பல்ல வந்திருக்காரு. நடந்தது உங்க அப்பாவோட நாக்கு” என்றார். நாவலாசிரியர் காலித் தம்ளரை எடுத்துக் குடித்தார். குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார். அந்த நாவலின் கடைசி நூறு பக்கம் அந்த நடைதான். நானும் மாப்பிள்ளையும் அவரை மாடிப்படியில் பிடித்து இறக்கிவிட்டு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தோம். அப்படிச் சிரித்ததை இப்போது நினைத்தால் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. ஆனால் அன்றைக்குச் சிரிப்பு நன்றாகத்தான் இருந்தது.

அப்படிப்பட்ட அம்மாளிடம் நான் மாட்டிய கதைக்கு வருகிறேன்.

ஒரு வியாழக்கிழமை நேரலை என்று அறிவித்திருந்தோம். மதுரையிலிருந்து வரவேண்டிய பேராசிரியர் வரவில்லை. மேடத்துக்குக் காய்ச்சல். மாப்பிள்ளை விரலைக் காட்டிவிட்டான், சிவப்பு விளக்கு எரிகிறது, எதிரில் இரண்டு காலி நாற்காலி. காது சுட ஆரம்பித்தது. ‘இருவீட்டார் அழைப்பு’ தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு வாயைத் திறந்தேன். ஒரு கதை வந்தது.

நெற்குப்பையில் ஒரு பெரிய வீடு. அங்கே சமையலுக்கு இருந்த ஒரு பெண். பஞ்ச காலம். வீட்டார் சாப்பிட்டுக் கண்ணசரும் மதிய நேரத்தில் பின்கட்டுக் கதவைத் திறந்து, தெருவிலுள்ள பிள்ளைகளுக்கெல்லாம் கஞ்சி ஊற்றினாள். ஒருநாள் பிடிபட்டாள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்து போனாள். அவ்வளவுதான். பன்னிரண்டு நிமிடம். மாப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இது எங்க மச்சான் படிச்சீக?” என்றான். “எங்கயோ” என்றேன்.

ஐந்தாவது வாரம் கடைக்கு ஓர் அம்மா வந்தார். எழுபது வயதிருக்கும். புதுவயல் அரிசி ஆலையில் நெல் காயவைக்கும் வேலை. பாதம் இரண்டும் களத்துச் சூட்டில் வெடித்திருந்தன. கூட வேலை பார்க்கும் பெண்ணின் போனில் என் கதையைக் கேட்டிருக்கிறார்.

“தம்பி, அது எங்க ஆத்தாதேன்” என்றார்.

நான் கல்லாவைப் பிடித்துக்கொண்டேன்.

“நெற்குப்பையில பெரிய வீட்டுலதேன் சமையலுக்கு இருந்துச்சு. எனக்கு ஒரு வயசோ ரெண்டு வயசோ. வெளிய அனுப்பிட்டாக. வீட்டு ஆச்சியோட வைரத் தோட்டத் திருடிருச்சுன்னு ஊருக்குள்ள பேச்சு. புதுவயலுக்கு வந்தும் அந்தப் பேச்சு விடல. எங்க ஆத்தா சாகுறவரைக்கும் இதப் பத்தி வாயத் தொறக்கல. என்னயப் பொண்ணு பாக்க எத்தன பேரு வந்தாக தெரியுமா? வந்தவுகள்லாம் தெருமுனையில வெசாரிச்சுட்டு அப்புடியே திரும்பிட்டாக. திருடி மகள யாரு கட்டுவா?” முந்தானையால் முகத்தைத் துடைத்தார். “நீ சொன்னதுக்கப்பறந்தேன் தெரியுது, எங்க ஆத்தா திருடல, சோறு போட்டிருக்கு. இன்னொருக்கா சொல்லு தம்பி. எங்க ஆத்தா பேரப் போட்டுச் சொல்லு. ஊரு கேக்கட்டும்.”

அப்போது நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். “தங்கள் வருகையால் பெரிதும் மகிழ்ச்சி” என்றேன். அவருக்கு ஒரு காபியும் வாங்கிக் கொடுத்தேன்.

அடுத்த வியாழன் மேடம் வந்தார். காய்ச்சல் இழுத்து ஒரு மாதத்துக்கு மேல் படுத்திருந்தவர், படுத்தபடியே அந்தப் பதிவைக் கேட்டிருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து கூட்டை மேசையில் வைத்தார். தட்டவில்லை. அதுதான் எனக்குக் கலக்கமாக இருந்தது.

“நெற்குப்பைக் கதையில ஒரு ‘ஆம்’கூட இல்ல” என்றார்.

“உங்க பயிற்சி மேடம்” என்று பல்லைக் காட்டினேன்.

“நீங்க உங்க அப்பா செத்ததுக்கே ஆம் போட்ட ஆளு. காரைக்குடிக்கு ரயில் வந்ததுக்கு ஆம் போட்ட ஆளு. அறிஞ்சவுக சொன்னத, புத்தகத்துல படிச்சத எல்லாத்துக்கும் ஆம் போடுவீக. இதுல மட்டும் ‘ஊத்துனா, வச்சா, நடந்து போனா’ன்னு பக்கத்துல நின்னு பாத்தவன் கணக்காச் சொல்றீக. அடுத்தவுக சொன்னதாயிருந்தா உங்க வாயில தன்னால ஆம் வந்திருக்கும். யாரும் சொல்லல. உங்க மண்டையில பாத்திருக்கீக.”

முப்பது வருடமாகப் பொய் சொல்லிப் பிழைத்த வாய் அது. இலக்கணத்தில் மாட்டிக்கொண்டது.

எல்லாவற்றையும் சொன்னேன். புதுவயல் அம்மா வந்ததையும் சொன்னேன். “அந்தம்மா சந்தோசமா இருக்காக மேடம். விட்டுருவோமே” என்று கெஞ்சினேன்.

“அவுகள வரச் சொல்லுங்க” என்றார்.

வந்தார். துவைத்த சேலை, தலையில் பூ. மைக்கைப் பார்த்துக் கும்பிட்டார். மேடம் நேராகக் கேட்டார்.

“உங்கம்மா தோடு திருடுனாகன்னு யாரு சொன்னா?”

“ஊரே சொல்லுச்சு.”

“ஊருல யாரு பாத்தா?”

அந்த அம்மா யோசித்தார். எழுபது வருடத்தில் யாரும் இப்படி ஒரு கேள்வி இருப்பதாக அவருக்குச் சொன்னதில்லை போலும். “யாரும் பாக்கல” என்றார்.

“அப்ப அத யாரும் திருட்டுன்னு சொல்ல முடியாது.”

அந்த அம்மாவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். இது நான் பார்த்தது. எனக்கும் அப்பாடா என்று இருந்தது. அத்தோடு விட்டிருக்கலாம்.

“தெருவுக்குக் கஞ்சி ஊத்துனாகன்னு யாரு சொன்னா?”

“இந்தத் தம்பிதேன்.”

மேடம் என் பக்கம் திரும்பினார். “நீங்க பாத்தீகளா?”

மெத்தைகளுக்கு நடுவில் எங்கே ஓடுவது? “இல்லம்மா. அன்னைக்கி யாரும் வரல. பயத்துல நானாக் கட்டி விட்டேன்.”

அந்த அம்மா முதலில் சிரித்தார், நான் விளையாடுகிறேன் என்று. பிறகு எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அப்ப எங்க ஆத்தா என்னதேன் செஞ்சுச்சு?”

“தெரியாது” என்றார் மேடம்.

“தெரியாதுன்னு சொல்லவா பஸ் ஏறி வரச் சொன்னீக? இம்புட்டு நாளும் திருடி மகளா இருந்தேன். ரெண்டு மாசமா நல்லவ மகளா இருந்தேன். இப்ப ஒண்ணுமில்லங்குறியே, இது என்னா நாயம்?” தலையிலிருந்த பூவைப் பிடுங்கி மேசையில் வைத்தார். “நீ படிச்சவதான? கண்டுபிடிச்சுச் சொல்லு. நல்லதோ கெட்டதோ, நடந்ததச் சொல்லு.”

“சொல்றேன்” என்றார் மேடம்.

எட்டு மாதம். நெற்குப்பைக்கு என் பழைய வேனில்தான் போவோம். வீட்டுக்காரர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருந்தார்கள். காவல்காரர் மேடத்துக்கு ஒரு நாற்காலிகூடப் போடவில்லை. முற்றத்துத் தூணில் சாய்ந்து நின்றபடி, மூக்கில் துணி கட்டிக்கொண்டு, மலாயாவுக்குப் போயிருந்த கணவருக்கு அந்த வீட்டு ஆச்சி எழுதி, அவர் திரும்பிவரும்போது கட்டிக்கொண்டு வந்த கடிதங்களை ஒவ்வொன்றாகப் படித்தார். நான் பக்கத்தில் நின்று கேலி பேசினேன். அவர் என்னை வெளியே போய் நிற்கச் சொன்னார். போய் நின்றேன். ஒருநாள் உள்ளிருந்து கூப்பிட்டார். கையில் ஒரு தாள். “புதுவயலுக்கு விடுங்க” என்றார்.

ஆலைக் களத்தில் அவித்த நெல் பரப்பிக் கிடந்தது. அந்த அம்மா காலால் நெல்லைக் கிளறி நடந்துகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் ஓரத்துக்கு வந்தார். மேடம் நின்றபடியே படித்தார்.

“‘சமையல்காரி மடியில் அரிசி இரண்டு படி கட்டிக்கொண்டு போகையில் கண்டு நிறுத்திவிட்டேன். வேறு ஆள் பார்த்திருக்கிறது.’ இதுதான் உங்கம்மாவப் பத்தி இருக்கிறது. தோடு காணாமப் போகல. அதுக்கு மூணு மாசம் கழிச்சு எழுதுன கடுதாசியில, தோட்டுக்குத் திருகு மாத்தக் குடுத்ததா அந்த ஆச்சியே எழுதியிருக்காக.”

“அரிசியா?”

“அரிசி. ரெண்டு படி.”

அந்த அம்மா நெல்லைப் பார்த்தார். பத்து லாரி நெல் இருக்கும் அந்தக் களத்தில்.

“வீட்டுல அப்ப ஆத்தாவும் நானுந்தேன். அந்தச் சோத்த நாந்தேன தின்னிருப்பேன்?” என்றார். மேடம் தாளைத் திரும்பப் பார்த்தார். கடிதத்தில் அது இல்லை. “ரெண்டு படி அரிசிக்கா என்னய ஒருத்தனும் கட்டல? வைரமாவே இருந்திருக்கக் கூடாதா?”

நான் வேன் சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இத நிகழ்ச்சியில சொல்லலாமாம்மா?” என்று மேடம் கேட்டார். அவர் ஒருவரிடம் அனுமதி கேட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

“சொல்லு. வைரம் இல்லன்னு சொல்லு. அரிசின்னும் சொல்லு.” களத்துக்குத் திரும்பப் போனவர் நின்றார். “ஆனா எம்புட்டுன்னு சொல்லிராத.”

வியாழக்கிழமை மேடம் கடிதத்தை முழுதாகப் படித்தார். ஓர் எழுத்து விடவில்லை. விளக்கு அணைந்ததும், “அந்தம்மா அளவு வேணாம்னாகளே மேடம்” என்றேன்.

“அளவ எடுத்துட்டா அது அந்த ஆச்சி எழுதுன கடுதாசி இல்ல. நீங்க எழுதுன கதை.”

அவர் போன பிறகு மாப்பிள்ளை கணினித் திரையைக் காட்டினான். “மச்சான், இந்தா இருக்கு ‘இரண்டு படி’. ஒரு செகண்ட்கூட இல்ல. வெட்டிரவா?”

“மேடம் கேப்பாக மாப்ள.”

“அந்தம்மாவும்தான் கேப்பாக.”

“அந்தம்மா நம்மளத் தட்ட மாட்டாக” என்றேன். நல்ல நகைச்சுவை என்று அப்போது தோன்றியது. மாப்பிள்ளை சிரிக்கவில்லை. வெட்டாமல் போட்டோம். எங்கள் நிகழ்ச்சிகளிலேயே அதிகம் பேர் கேட்டது அதுதான்.

ஒரு மாதம் கழித்து மேடம் அந்தக் கடிதத்தின் நகலைக் கண்ணாடித் தாளுக்குள் போட்டு எடுத்துவந்தார். “அவுக வீட்டுல இருக்கட்டும். நாளைக்கி எவனாவது வைரம்னா இதக் காட்டட்டும்” என்றார். மறுபடி புதுவயல். ஆலை வாசலில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவரிடம், களத்தில் வேலை பார்க்கும் வயதான அம்மா, தனியாள், என்று அடையாளம் சொன்னேன்.

“யாரு, ரெண்டுபடியா?” என்றார் அவர். களத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார். “ஏ ரெண்டுபடி! ஒன்னயப் பாக்க வேன்ல வந்திருக்காக!”

களத்தில் சிலர் சிரித்தார்கள். கோபமோ பகையோ இல்லாத சிரிப்பு. பழகிப்போன பெயரைக் கூப்பிடும்போது வருவது. அந்த அம்மா திரும்பிப் பார்த்தார். எங்களை அடையாளம் தெரிந்தது. நடையை நிறுத்தவில்லை. நெல்லைக் காலால் பிளந்துகொண்டே களத்தின் அந்தக் கோடிக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி, அங்குட்டே திரும்பத் திரும்ப நடந்தார்.

மேடத்தின் கை வேன் ஜன்னலுக்கு வெளியே தாளோடு நீட்டியபடி இருந்தது. உள்ளே இழுத்துக்கொண்டார்.

“வண்டியத் திருப்புங்க.”

திருப்பினேன். சாக்கோட்டை தாண்டினோம். என் வாயில் ஒரு கேலிகூட வரவில்லை, பத்திரிகை வாசகமும் வரவில்லை. பிறகு அவர் மடியிலிருந்த தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“ரெண்டு படின்னுதான இருக்கு?”

“ஆமா மேடம்.”

“நான் சரியாத்தான படிச்சேன்?”

“சரியாத்தான் படிச்சீக.”

காரைக்குடி வந்து சேர்வதற்குள் அதையே இன்னும் இரண்டு தடவை கேட்டார்.